ஹாட் ராடில் பிரேக் பெடலும் மாஸ்டர் சிலிண்டரும்: தரைக்கு அடியில் பொருத்தும் முறை

பழைய காரில் பெரிய என்ஜின் போட்டு வேகத்துக்காக மாற்றிக் கட்டும் வண்டிதான் ஹாட் ராடு. அதைக் கட்டுகிறவர்கள் என்ஜினுக்கு ஒரு வருஷம் செலவழிப்பார்கள், பெயிண்டுக்கு ஆறு மாதம். பிரேக் பெடல் மட்டும் கடைசியில், மிச்சம் கிடக்கும் இரும்புப் பட்டையில், மிச்சம் இருக்கும் இடத்தில் முளைக்கும். என் முதல் பெடலும் அப்படித்தான் முளைத்தது. அது செய்த கூத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த வழிகாட்டிக்கு ஒரு குறிப்பிட்ட வண்டியை எடுத்துக்கொள்வோம். 1929 ஃபோர்டு மாடல் ஏ ரோட்ஸ்டர் (கூரையில்லாத கார்) பாடி, அதன் கீழே 1932 ஃபோர்டு சேஸிஸ், முன்னால் ஒரு வி8 என்ஜின், இடது பக்க ஸ்டியரிங், முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக், பின்சக்கரங்களில் டிரம் பிரேக். அமெரிக்க வீட்டு கராஜ்களில் அடிக்கடி பார்க்கக்கூடிய சேர்க்கை இது. மொத்த எடை ஏறக்குறைய ஒரு டன்.

மாடல் ஏ-யில் வந்த பிரேக் முழுக்க முழுக்கக் கம்பியும் நெம்புகோலும்தான். பிளிமத் கார் 1928-லேயே ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்தில் இயங்கும் பிரேக்கோடு வந்துவிட்டது. செவ்ரோலே 1936-ல் மாறியது. ஃபோர்டு 1939 மாடலில்தான் கம்பியை விட்டது. அதனால்தான் 1940களில் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் வண்டி விரட்டிய இளைஞர்கள், காயலான் கடைக்கு வந்த 1939 முதலான ஃபோர்டுகளைத் தேடிப்போனார்கள். பிரேக்கை மட்டும் அல்ல, பெடலையும், மிதிக்கும்போது ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தே கழற்றி வந்து பழைய வண்டியின் தரைப்பலகைக்கு அடியில் மாட்டினார்கள். அந்த இடம் இன்றும் பொருத்தமான இடம்தான். மாடல் ஏ-யில் என்ஜினையும் ஆட்களையும் பிரிக்கும் ஃபயர்வால் வெறும் தகடு. அதில் சிலிண்டரைத் தொங்கவிட்டால் தகடு மூச்சு விடுவதுபோல் உள்ளே வெளியே போய்வரும். போதாததற்கு வி8 வந்து உட்கார்ந்த பிறகு அங்கே கை நுழையக்கூட இடம் இருக்காது.

இடத்தைப் பழைய ஆட்களிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், சிலிண்டரை வேண்டாம். 1939 சிலிண்டரில் ஒரே அறை. எங்காவது ஒரு குழாய் விட்டுப்போனால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. 1967 மாடல் ஆண்டிலிருந்து அமெரிக்கக் கார்கள் எல்லாமே இரட்டை அறைச் சிலிண்டருக்கு மாறிவிட்டன. பாரம்பரியத் தோற்றம் வேண்டும் என்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: தரைக்கு அடியில் இருப்பதை யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை.

முதலில் ஒரு கணக்கு

வெல்டிங் மெஷினை எடுப்பதற்கு முன் காகிதத்தில் செய்ய வேண்டியது இது.

பெடல் என்பது ஒரு நெம்புகோல். அச்சிலிருந்து கால் வைக்கும் தட்டின் நடுவரை உள்ள தூரத்தை, அச்சிலிருந்து புஷ்ராடு (சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பி) மாட்டும் துளைவரை உள்ள தூரத்தால் வகுத்தால் கிடைப்பது பெடல் விகிதம். 300 மில்லிமீட்டர், 50 மில்லிமீட்டர் என்றால் விகிதம் 6. என்ஜின் வெற்றிடத்தால் காலுக்கு உதவும் பூஸ்டர் இல்லாத வண்டிக்கு இந்த 6 நல்ல எண். பூஸ்டர் வைத்தால் 4-ஐ ஒட்டி வைத்துக்கொள்வார்கள். ஒரு டன் வண்டிக்குப் பூஸ்டர் தேவையில்லை என்பது என் கட்சி. பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட என்ஜினில் அதற்கு வேண்டிய வெற்றிடமும் சரியாகக் கிடைக்காது.

நன்றாக அழுத்தி நிறுத்தும்போது கால் கொடுக்கும் விசை 45 கிலோ என்று வைப்போம். 6-ஆல் பெருக்கினால் புஷ்ராடில் 270 கிலோ. ஆனால் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் நீங்கள் 45 கிலோவோடு நிற்கமாட்டீர்கள். முதுகை சீட்டில் முட்டுக்கொடுத்து மிதிப்பீர்கள். பெடலையும் பிராக்கெட்டையும் 140 கிலோ மிதிக்காவது தாங்கும்படி செய்ய வேண்டும். அப்போது புஷ்ராடில் 840 கிலோ.

அதோடு முடியவில்லை. தரைக்கு அடியில் பொருத்தும் பெடலில் அச்சு நடுவில் இருக்கும். மேலே தட்டு முன்னால் போகும்போது கீழே வால் பின்னால் போகும், சிலிண்டர் பெடலுக்குப் பின்னால் படுத்திருக்கும். இந்த அமைப்பில் காலின் விசையும் புஷ்ராடின் எதிர்விசையும் ஒரே திசையில் அச்சில் சேர்ந்து இறங்கும். 840-உடன் 140-ஐக் கூட்டினால் 980 கிலோ. உங்கள் வண்டியையே அந்த ஒரு அச்சில் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். மேலிருந்து தொங்கும் பெடலாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கழித்து அச்சில் 700 கிலோதான் வரும். தரையடிப் பெடல் செய்கிறவர்களில் பலருக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

இனி செய்யப்போகும் ஒவ்வொரு வேலையிலும் இந்த 980 கிலோவை நினைவில் வையுங்கள்.

சீட்டிலிருந்து தொடங்குங்கள்

பெடல் எங்கே வர வேண்டும் என்பதைச் சேஸிஸ் சொல்லாது, உங்கள் கால்தான் சொல்லும். அதனால் சீட் முதலில். வெறும் பலகைமேல் உட்கார்ந்து அளவெடுக்காதீர்கள். கடைசியில் வரப்போகும் நுரையின் கனத்துக்கு ஏதாவது போட்டு உட்காருங்கள். பின்சாய்வுக்கும் ஒரு தலையணை வையுங்கள். நான்கு விரற்கடை நுரை பின்னால் வந்தால் முழங்கால் நான்கு விரற்கடை முன்னால் போய்விடும். ஸ்டியரிங் தண்டும் அதன் இடத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் பழைய ஃபோர்டுகளில் அது கிளட்சுக்கும் பிரேக்குக்கும் நடுவே இறங்கும்.

ஓட்டும்போது போடுகிற அதே ஷூவைப் போட்டுக்கொள்ளுங்கள். வெறுங்காலில் அளந்த பெடலில் பூட்ஸ் மாட்டிக்கொள்ளும். அட்டையிலும் ஒட்டுப்பலகையிலும் பெடல் வெட்டி, தரையில் ஒரு ஆணியை அச்சாக வைத்து மிதித்துப் பாருங்கள். முழுக்க மிதித்த நிலையிலும் முழங்கால் லேசாக மடங்கியே இருக்க வேண்டும். கால் நேராக நீண்டுவிட்டால் அதற்குமேல் அழுத்த பலம் இருக்காது. முழங்கால் ஸ்டியரிங் வளையத்தில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். மாடல் ஏ-யில் பெரும்பாலும் இடிக்கும்.

பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் நடுவே 50 முதல் 75 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். பிரேக் தட்டு ஆக்ஸிலேட்டரைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும், அவசரத்தில் இரண்டையும் சேர்த்து மிதிக்காமல் இருக்க. தட்டின் அகலம் 60 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். பழங்காலத்து வட்டத் தட்டு அழகாக இருக்கும், மழையில் வழுக்கும். மேலே ரப்பர் போட்டுவிடுங்கள்.

இந்த வேலைக்கு ஒரு முழு நாள் போனாலும் பரவாயில்லை.

சிலிண்டர் தேர்வு

1967-க்குப் பிந்தைய மஸ்டாங், கார்வெட் சிலிண்டர்களின் வடிவத்தில் புதிதாக வார்த்து விற்கிறார்கள். ஹாட் ராடுகளில் அதிகம் பார்ப்பது இவற்றைத்தான். நீங்கள் முடிவு செய்ய வேண்டியது உள்விட்டம்.

அதே 45 கிலோ மிதி, 6 விகிதம். முக்கால் அங்குலத்துக்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கூட, அதாவது 7/8 அங்குலச் சிலிண்டர் என்றால் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 70 கிலோ அழுத்தம் வரும். ஒரு அங்குலம் என்றால் 53 கிலோ. ஒரு அங்குலம் ஒரு நூல் என்றால் 42 கிலோ. சிறிய சிலிண்டர் கூடுதல் அழுத்தம் தரும், ஆனால் கொஞ்சம் ஆயிலைத்தான் தள்ளும், அதனால் பெடல் ஆழமாகப் போகும். பெரிய சிலிண்டரில் பெடல் கல் மாதிரி நிற்கும், வண்டி மட்டும் நிற்காது. பெடல் கெட்டியாக இருப்பதையே நல்ல பிரேக் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். முன் டிஸ்க், பின் டிரம், ஒரு டன் எடை, பூஸ்டர் இல்லை என்றால் ஒரு அங்குலத்தில் தொடங்குங்கள்.

வாங்கும்போது பிஸ்டனின் பின்பக்கக் குழியைப் பாருங்கள். பூஸ்டர் வண்டிக்கான சிலிண்டரில் குழி மேலோட்டமாக இருக்கும். பூஸ்டர் இல்லாத வண்டிக்கானதில் ஆழமாக இருக்கும், புஷ்ராடின் நுனி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். மேலோட்டமான குழியில் சாதாரணப் புஷ்ராடை வைத்தால் ஒரு குலுங்கலில் அது நழுவி வெளியே விழ வாய்ப்பு உண்டு. அப்புறம் பெடல் காற்றைத்தான் மிதிக்கும்.

பெடல் கை

மைல்டு ஸ்டீல் பட்டை போதும், கனம் மட்டும் முக்கியம். அச்சின் அருகே 40 மில்லிமீட்டர் அகலம் வைத்துக் கணக்குப் போட்டால், 140 கிலோ மிதியில் 12 மில்லிமீட்டர் கனப் பட்டையில் வரும் வளைவுத் தகைவு 130 மெகாபாஸ்கல் அளவு. மைல்டு ஸ்டீல் நிரந்தரமாக வளையத் தொடங்குவது 250-ஐ ஒட்டி. ஆக ஏறக்குறைய இரண்டு மடங்கு தெம்பு இருக்கிறது. அதே இடத்தில் 6 மில்லிமீட்டர் பட்டை போட்டால் தகைவு 257. ஒரே ஒரு அவசர மிதியில் பெடல் வளைந்து நிற்கும். 12-க்குக் குறைந்து போகாதீர்கள்.

ஸ்டியரிங் தண்டைச் சுற்றிப்போக பெடல் கையைப் பக்கவாட்டில் வளைக்க வேண்டிவரும். அப்போது மிதிக்கும்போது கை முறுக்கும். வளைவு சிறியது என்றால் 12 மில்லிமீட்டர் தாங்கும். 40, 50 மில்லிமீட்டர் விலகல் என்றால் வளைவின் உள்பக்கத்தில் ஒரு முக்கோணத் தாங்கி வைத்து வெல்டு செய்யுங்கள். வளைப்பதைச் சூடாக்கி மெதுவாகச் செய்யுங்கள். குளிராகச் சுத்தியலால் அடித்து வளைத்தால் வெளிப்பக்கத்தில் மயிரிழை விரிசல் விழலாம்.

அச்சுக்கு முக்கால் அங்குலத்துக்குக் குறையாத கெட்டி ஷாஃப்ட். பெடலில் ஒரு குழாயை வெல்டு செய்து அதற்குள் வெண்கலப் புஷ் (ஷாஃப்டைச் சுற்றி உட்காரும் உறை) இறக்குங்கள். குழாய் 50 மில்லிமீட்டராவது நீளமாக இருந்தால்தான் பெடல் பக்கவாட்டில் ஆடாது. வெல்டு சூட்டில் குழாய் கோணும், ஆகையால் வெல்டு முடிந்து ஆறிய பிறகே புஷ்ஷை இறக்கி, ரீமர் போட்டுத் துளையைச் சரியளவாக்குங்கள். கிரீஸ் நிப்பிள் கட்டாயம், தரைக்கு அடியில் தண்ணீரும் மண்ணும் அடிக்கும் இடம் அது. கிளட்ச் பெடலும் அதே ஷாஃப்டில் சுற்றினால் ஷாஃப்ட் அசையாமல் நிலையாக இருக்க வேண்டும், இரண்டு பெடலுக்கும் தனித்தனிப் புஷ், தனித்தனி நிப்பிள். ஷாஃப்டும் சேர்ந்து சுற்றும்படி விட்டால் கிளட்சை மிதிக்கும்போது பிரேக்கும் லேசாக இழுபடும். ஏன் பிரேக் சூடாகிறது என்று மாதக்கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

வாலில் புஷ்ராடு மாட்ட மூன்று துளைகள் போட்டு வைப்பது என் பழக்கம்: விகிதம் 5.5, 6, 6.5 வரும்படி. வண்டி ஓடிய பிறகு பிடிக்காவிட்டால் பின்னை வேறு துளைக்கு மாற்றினால் போதும், பெடலை மறுபடி செய்ய வேண்டாம். அப்படி மாற்றும்போது புஷ்ராடின் கோணத்தையும் ஃப்ரீ பிளேயையும் (பிஸ்டனைத் தொடும் முன் உள்ள வெற்று ஆட்டம்) மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிராக்கெட்: என் முதல் பெடலின் கதை

முதல் வண்டியில் 3 மில்லிமீட்டர் தகட்டை எல் வடிவத்தில் மடித்து, சேஸிஸ் பட்டையின் கீழ் விளிம்பில் இரண்டு போல்ட் போட்டுச் சிலிண்டரை மாட்டினேன். பெடல் பஞ்சு மாதிரி இருந்தது. ஆயிலில் காற்று கலந்திருக்கிறது என்று நினைத்து, அதை வெளியேற்ற ஏர் எடுத்தேன். மறுநாளும் எடுத்தேன். நான்கு பாட்டில் பிரேக் ஆயில் காலியானது. கடைசியில் நண்பனை உட்காரவைத்து மிதிக்கச் சொல்லி, வண்டிக்கு அடியில் டார்ச்சோடு படுத்தேன். ஒவ்வொரு மிதிக்கும் சிலிண்டர் முழுசாகப் பின்னால் சாய்ந்து, விட்டதும் திரும்பி வந்தது. ஆயிலில் ஒரு குமிழிகூட இல்லை. சிலிண்டர் 3 மில்லிமீட்டர் ஓடினால் தட்டில் அது 18 மில்லிமீட்டர். பஞ்சு அங்கேதான் இருந்தது.

பாடம் எளிது. அச்சும் சிலிண்டரும் ஒரே பிராக்கெட்டில் இருக்க வேண்டும். அச்சு ஒரு இடத்தில், சிலிண்டர் இன்னொரு குறுக்குச்சட்டத்தில் என்று பிரித்தால் இரண்டுக்கும் நடுவே உள்ள சேஸிஸ் முழுதும் வளையும். ஒரே தட்டில் இரண்டையும் மாட்டினால் புஷ்ராடின் 840 கிலோ அந்தத் தட்டுக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடும். சேஸிஸுக்குப் போய்ச் சேருவது உங்கள் காலின் 140 கிலோவும் அது தரும் திருகலும் மட்டும்தான்.

பிராக்கெட்டுக்கு இரண்டு நூல், அதாவது கால் அங்குலத் தகடு. சிலிண்டர் உட்காரும் முகத்துக்குப் பின்னால் இரண்டு பக்கமும் முக்கோணத் தாங்கிகள். அச்சைப் பிராக்கெட்டின் இரண்டு காதுகளும் இருபுறமும் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் ஷாஃப்டில் 980 கிலோவைப் போட்டால் அது தலை குனியும்.

1932 சேஸிஸின் பக்கவாட்டுச் சட்டம் திறந்த 'ப' வடிவம். பிராக்கெட் வரும் இடத்திலாவது உள்பக்கம் ஒன்றரை நூல் தகடு வைத்து மூடி, பெட்டியாக்கிவிடுங்கள். பெட்டிக்குள் போல்ட் போகும் இடத்தில் ஒரு குழாயைக் குறுக்கே வைத்து இரு முகத்திலும் வெல்டு செய்யுங்கள். இல்லாவிட்டால் நட்டை முறுக்க முறுக்கப் பெட்டி நசுங்கும், போல்ட் எப்போதும் இறுக்கமாக நிற்காது. மூன்று நூல் போல்ட் நான்கு, கிரேடு 8, நைலான் பூட்டு நட்டு.

முதலில் டேக், அதாவது புள்ளி வெல்டு மட்டும் அடியுங்கள். சீட்டில் உட்கார்ந்து மிதித்துப் பார்த்துவிட்டு, பாடியை இறக்கி ஏற்றிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸும் சைலன்ஸர் குழாயும் மாட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் முழு வெல்டு. உங்கள் வெல்டிங்மேல் உங்களுக்கே சந்தேகம் இருந்தால் டேக் அடித்த பிராக்கெட்டை நல்ல வெல்டரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

புஷ்ராடும் ஃப்ரீ பிளேயும்

சிலிண்டர் மட்டமாகப் படுத்திருக்க வேண்டும். மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தால் அங்கே காற்று தங்கிவிடும். புஷ்ராடு சிலிண்டரின் நேர்கோட்டிலிருந்து 5 டிகிரிக்குமேல் விலகக் கூடாது, விலகினால் பிஸ்டன் ஒரு பக்கமாகத் தேயும். பாதி மிதித்த நிலையில் புஷ்ராடும் பெடல் வாலும் செங்கோணத்தில் இருக்கும்படி அமைத்தால் விகிதம் மிதி முழுக்க அதிகம் மாறாது.

வாலில் கிளெவிஸ், அதாவது இரண்டு காது கொண்ட கவை போடுங்கள். பின்னை இரண்டு பக்கமும் பிடிக்கும், அது கழலாமல் இருக்கக் காட்டர் பின் போடலாம். ஒரு பக்கத்தில் மட்டும் போல்ட் போட்டு மாட்டிய பால் ஜாயிண்ட் பார்க்க ரேஸ் கார் மாதிரி இருக்கும், ஆனால் அந்த போல்ட் வளையும்.

பெடல் மேலே வந்து நிற்பதற்குத் தனியாக ஒரு ஸ்டாப்பர் வையுங்கள், கூடவே இழுப்பு ஸ்பிரிங். பெடல் ஸ்டாப்பரில் நிற்கும்போது புஷ்ராடின் நுனிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே 1 முதல் 1.5 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். தட்டில் அது 6 முதல் 9 மில்லிமீட்டராகத் தெரியும். இந்த ஆட்டம் இல்லாவிட்டால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, தொட்டியிலிருந்து வரும் சிறு துளை மூடியே இருக்கும். ஆயில் சூடாகி விரியும்போது திரும்பிப்போக வழி இருக்காது. ஐந்து கிலோமீட்டர் ஓடியதும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், ஆறியதும் விட்டுவிடும். எல்லோரும் டிஸ்க்கை நெரிக்கும் காலிபரைக் குற்றம் சொல்லிக் கழற்றுவார்கள்.

இன்னொரு சோதனை, பலரும் தவறவிடுவது. இரட்டை அறைச் சிலிண்டரில் ஒரு பக்கம் ஆயில் போய்விட்டால் மறுபக்கம் பிடிப்பதற்கு முன் பிஸ்டன் அந்தக் காலி அறையின் தூரம் முழுதையும் கடந்தாக வேண்டும். பெடல் திடீரென்று ஆழமாகப் போகும். அந்த ஆழத்துக்குப் பெடலில் இடம் இருக்கிறதா? தட்டு அதற்கு முன்பே தரையில் முட்டிவிட்டால் இரட்டை அறைக்குக் கொடுத்த காசு வீண். ஆயில் ஊற்றுவதற்கு முன், குழாய்கள் எதுவும் மாட்டாமல், பெடலைக் கையால் தள்ளிப் பாருங்கள். பிஸ்டன் சிலிண்டரின் அடியில் முட்டிய பிறகும் தட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். 25 மில்லிமீட்டர் ஓடும் பிஸ்டனுக்குத் தட்டில் 150 மில்லிமீட்டர் பாதை தேவை. கம்பளத்தின் கனத்தையும் கணக்கில் சேருங்கள். முட்டினால் பெடலை உயர்த்துங்கள், அல்லது தரையில் குழிவு செய்யுங்கள்.

ஆயில் ஊற்றும் வழியும் சூடும்

தரைக்கு அடியில் இருக்கும் சிலிண்டரை யாரும் திறந்து பார்ப்பதில்லை, திறப்பது கஷ்டம் என்பதால். தரைப்பலகையில் கை நுழையும் அளவுக்கு ஒரு மூடி வெட்டுங்கள், ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் திறக்கும்படி. இன்னும் வசதி வேண்டுமென்றால் ஃபயர்வாலில் தனித் தொட்டி வைத்து ஹோஸ் இறக்கலாம். ஹோஸ் பிரேக் ஆயிலுக்கானதாக இருக்க வேண்டும், பெட்ரோல் ஹோஸ் அதில் ஊறிப்போகும்.

வி8-ன் எக்ஸாஸ்ட் அந்தப் பக்கமாகத்தான் இறங்கும். நடுவே ஒரு அலுமினியத் தகடாவது மறைப்பாக இருக்கட்டும். புதிய டாட் 3 தரப் பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, டாட் 4 என்றால் 230. ஆனால் ஈரம் குடித்த பிறகு அந்த எல்லை 140, 155 என்று இறங்கிவிடும். பெயிண்டைக் கெடுக்காது என்பதற்காகச் சிலர் சிலிக்கோன் வகையான டாட் 5 ஊற்றுவார்கள். அதில் குமிழி எளிதில் தங்கும், ஏர் எடுக்கப் பொறுமை வேண்டும். மற்ற ஆயிலோடு அதைக் கலக்கவே கூடாது. பெயரில் குழம்பாதீர்கள், டாட் 5.1 சிலிக்கோன் அல்ல.

குழாய், வால்வு

குழாய்க்கு இரட்டைச் சுவர் ஸ்டீல் அல்லது பிரேக்குக்கென்றே வரும் செம்பு-நிக்கல். வெளிவிட்டம் ஒன்றரை நூல். வெறும் செம்புக் குழாய் அதிர்வில் இறுகிப்போய் விரிசல் விடும். நுனியை 45 டிகிரியில் இரண்டு மடிப்பாக விரித்துவிடுங்கள், இதுதான் இரட்டை ஃபிளேர். 37 டிகிரி பொருத்திகளை அதோடு கலந்தால் முதல் நாள் ஒழுகாது, மூன்றாம் மாதம் ஒழுகும். ஒரு முழத்துக்கு ஒரு கிளிப் போட்டுச் சேஸிஸோடு பிடித்துவிடுங்கள்.

எந்த அறை எந்தச் சக்கரத்துக்கு? முன்னால் இருப்பது முன்சக்கரத்துக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தரைக்கு அடியில் சிலிண்டரே திரும்பிப் படுத்திருக்கிறது. தொட்டியின் பெரிய பாகம் டிஸ்க்குக்கு, ஏனென்றால் டிஸ்க்கை உரசும் பேட் தேயத் தேயக் காலிபர்தான் கூடுதல் ஆயிலை உள்வாங்கும்.

சிலிண்டர் காலிபரைவிடத் தாழ்வாக இருப்பதால் ஆயில் மெல்லத் தொட்டிக்கே வடிந்துவிடும். அடுத்த மிதி ஆழமாகப் போகும், இரண்டாவது மிதியில் சரியாகும். இதற்குத்தான் குழாயில் சிறிது அழுத்தத்தை நிறுத்திவைக்கும் எச்ச அழுத்த வால்வு. டிஸ்க் பக்கம் 2 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு), டிரம் பக்கம் 10 பிஎஸ்ஐ. சிலிண்டருக்குப் பக்கத்திலேயே, அம்புக்குறி சக்கரத்தைப் பார்க்க மாட்டுங்கள். மாற்றி மாட்டினால், 10 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பேட் டிஸ்க்கை விடவே விடாது. பழைய டிரம் வண்டிச் சிலிண்டர்களில் இந்த வால்வு வெளித்துளைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். வளைந்த மெல்லிய கம்பியை மெதுவாக நுழைத்துப் பாருங்கள், ரப்பர் தட்டுப்பட்டால் இருக்கிறது. டிஸ்க் பக்கம் இருந்தால் எடுத்துவிட வேண்டும்.

பின் குழாயில் திருகி மாற்றக்கூடிய அழுத்தக் குறைப்பு வால்வு ஒன்று. பின்பக்கம் இலேசான ரோட்ஸ்டரில் இது இல்லாவிட்டால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வால் சுழலும்.

பிரேக் லைட்டுக்கு பெடலில் தொடும் சுவிட்சே நல்லது. குழாயில் வைக்கும் அழுத்த சுவிட்ச், இலேசாக மிதிக்கும்போது எரியாமல் இருந்துவிடும்.

ஏர் எடுப்பது

சிலிண்டரை வண்டியில் மாட்டுவதற்கு முன்பே வைஸில் மட்டமாகப் பிடித்து, இரண்டு வெளித்துளையிலிருந்தும் குழாய்களைத் தொட்டிக்கே திருப்பிவிட்டு, மழுங்கிய கம்பியால் மெல்லத் தள்ளித் தள்ளிக் குமிழியை வெளியேற்றுங்கள். வண்டியில் மாட்டிய பிறகு இதைச் செய்ய முயன்றால் ஒரு மாலை முழுதும் போய்விடும். பின்னர் சக்கரங்கள்: வலது பின், இடது பின், வலது முன், இடது முன். தொட்டியை வற்றவிடாதீர்கள். பெடலை வேகமாக அடிக்காதீர்கள், காற்று நுரையாகிப் பிரியாது.

சாலைக்குப் போகும் முன்

ஒருவர் பலம் முழுதும் கொடுத்து மிதித்துப் பிடிக்கட்டும், ஒரு நிமிடம். நீங்கள் அடியில் படுத்து டார்ச் அடியுங்கள். சிலிண்டர் அசைகிறதா, பிராக்கெட்டின் காது திறக்கிறதா, எங்காவது ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். பெடல் மெல்ல மெல்ல இறங்கினால் ஒழுக்கு உண்டு, வெளியே தெரியாவிட்டால் சிலிண்டருக்குள்ளேயே. காலை எடுத்ததும் நான்கு சக்கரமும் கையால் சுற்ற வேண்டும். டிரம்மில் லேசான உரசல் இருக்கலாம்.

அப்புறம் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகச் சோதியுங்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கர ஏர் திருகைத் திறந்து அதில் குழாய் மாட்டிப் பாட்டிலில் விட்டு மிதியுங்கள். பெடல் ஆழமாகப் போய், தரையைத் தொடாமல், முன்சக்கரம் பிடிக்க வேண்டும். பிறகு மாற்றிச் செய்யுங்கள். முடிந்ததும் மறுபடி ஏர் எடுக்க வேண்டியிருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஓட்டம் காலி இடத்தில், நடக்கும் வேகத்தில், கைபிரேக்கில் ஒரு கையோடு. அடுத்து 15 கிலோமீட்டர் வேகம், பிறகு 30, பிறகு 50. 50-ல் பின்சக்கரம் முதலில் பூட்டினால் வால்வைத் திருகிக் குறையுங்கள். முன்சக்கரம் ஒரு கணம் முந்திப் பூட்டும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் தரைமூடியைத் திறந்து நான்கு போல்டையும், காட்டர் பின்னையும், 1 மில்லிமீட்டர் ஆட்டத்தையும் ஒருமுறை பாருங்கள்.